ஒரு நாள் தூரம்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் வீடு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். வாசலில் தொங்கும் ஸ்டார், பொழுது விடிந்த பிறகும் யாரும் அணைக்காமல் எரிந்துகொண்டிருக்கும். குடிலில் புல்லுக்காக விதைத்த கேழ்வரகு நுனி பழுக்கத் தொடங்கியிருக்கும். அண்டை அயலுக்குப் போனது போக மிஞ்சிய முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் தூக்குவாளிகளில் கிடக்கும். அடுக்களையில் பாத்திரங்கள் குவிந்திருக்கும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, புத்தாண்டு வரைக்கும் பள்ளிக்கூடம் இல்லை. பெரியவர்களுக்கு விடுமுறை 25ஆம் தேதி ஒன்றுதான். 26 அன்று ஒருவருக்குக் காலை ஷிப்ட். ஒருவருக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு. இன்னொருவர் 60 நாளைக்கு முன்பே விழித்திருந்து பதிவு செய்த டிக்கெட்டோடு, பெட்டியும் பலகாரப் பையுமாக நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ சென்னைக்கு ரயிலேறியாக வேண்டும்.

“இன்னைக்குமாம்மா ஆபீஸ்?” என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். “சாயங்காலம் வெள்ளனே வந்துருவேன்டா” என்று அம்மா சொல்வாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. அதை நிறைவேற்றும் அதிகாரம்தான் அவளிடம் இல்லை.

இந்த ஒரு வாரத்தை மிச்சம் என்றே நினைக்கப் பழகியிருக்கிறோம். பண்டிகையின் மிச்சம், பலகாரத்தின் மிச்சம், ஆண்டின் மிச்சம். கடைவீதி நமக்கு அப்படிக் கற்றுத்தந்திருக்கிறது. ஜவுளிக்கடையின் கிறிஸ்துமஸ் 24ஆம் தேதி இரவோடு முடிந்துவிடுகிறது. மறுநாளே பொங்கல் தள்ளுபடிக்கான பதாகை ஏறுகிறது. திருச்சபையின் நாட்காட்டியோ நேர் எதிராக ஓடுகிறது. அதில் டிசம்பரின் முதல் மூன்று வாரமும் காத்திருப்புக்கு உரியவை. விழா 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. எட்டு நாளும் ஒரே நாளைப்போல நீண்டு, மூன்று ராசாக்கள் திருநாளையும் கடந்து, ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவில் போய் நிறைகிறது. குழந்தை பிறந்ததோடு காரியம் முடிந்தது என்று வியாபாரி நினைக்கலாம். பெற்றவர்களுக்கு அன்றைக்குத்தான் காரியம் ஆரம்பம்.

அந்த எட்டு நாளுக்குள் திருச்சபை வைத்திருக்கும் நினைவுகளைப் பார்த்தால் திடுக்கிடுவோம். 26ஆம் தேதி, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானுக்கு. 28ஆம் தேதி, ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளுக்கு. தீவனத் தொட்டிக்கு இத்தனை பக்கத்தில் இத்தனை இரத்தத்தை வைத்தவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பியவர்களாகத் தோன்றவில்லை. ஒரு குழந்தையை உலகுக்குள் வரவேற்பது என்றால் எதற்கெல்லாம் பொறுப்பேற்பது என்று அறிந்தவர்களாகத் தோன்றுகிறது. இந்த எட்டு நாளுக்குள் வரும் ஞாயிறு, திருக்குடும்பத்துக்கு உரியது. கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மட்டும் அந்த விழா 30ஆம் தேதிக்கு நகரும்.

இந்த விழா பழையது அன்று. 1893இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இதற்கு இடம் கொடுத்தார். 1921இல் பதினைந்தாம் பெனடிக்ட் இதை முழுத் திருச்சபைக்கும் உரியதாக்கினார். 1969இல் வந்த புதிய நாட்காட்டிதான் இதைக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறுக்குக் கொண்டுவந்தது. இதே லியோதான் 1891இல் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில் தொழிலாளருக்கு நியாயமான கூலி, ஞாயிறு ஓய்வு, பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் சுமத்தப்படும் வேலைக்கு வரம்பு ஆகியவற்றைப் பேசினார். அந்த மடலுக்கும் இந்த விழாவுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். ஆலைச் சங்கு வீட்டுக்குள் நுழைந்து தகப்பனையும் தாயையும் எழுப்பிக்கொண்டு போகத் தொடங்கிய ஒரு நூற்றாண்டுக்குத்தான் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு திருநாள் தேவைப்பட்டது என்று எண்ணத் தோன்றுகிறது. கைவிட்டுப் போகாத ஒன்றுக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

உழைப்பு நமக்குப் புதிதா என்றால் இல்லை. நாசரேத்திலும் உழைத்தார்கள். மத்தேயு நற்செய்தியில் ஊரார் இயேசுவைத் தச்சரின் மகன் என்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் அதே ஊரார் அவரையே தச்சர் என்கிறார்கள். இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் சொல்லப்படாத ஒரு வாழ்க்கை முழுவதும் இருக்கிறது: தகப்பனின் கையைப் பார்த்துப் பார்த்து மகனின் கை பழகிய ஆண்டுகள். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் என்ற பெயரையே தாங்கி நிற்கும் ஊரின் சுற்றுவட்டாரத்துப் பனங்காடுகளிலும் அப்படித்தான் நடந்தது. அப்பா பனையேறுவார், அம்மா விடிலியில் பதநீர் காய்ச்சுவாள், பிள்ளைகள் ஓலையும் மட்டையும் பொறுக்கி அடுப்புக்குக் கொடுப்பார்கள். அந்த வாழ்க்கையை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதில் பசி இருந்தது. பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளைகள் இருந்தார்கள். பனையிலிருந்து விழுந்து திரும்பி வராத தகப்பன்மார் இருந்தார்கள். ஆனாலும் அப்பா எதனால் களைத்துப்போகிறார் என்பது மகனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

இன்றைய பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. அம்மா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காதில் ஏதோ மாட்டியிருக்கிறாள். யாரோ ஒருவரிடம் சிரித்துப் பேசுகிறாள். கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டுகிறாள். அவள் என்ன செய்கிறாள் என்பது பிள்ளைக்கு விளங்காது. அந்த வேலை முடிந்த பிறகு வெளியே வரும் களைப்பும் எரிச்சலும் மட்டுமே அவன் பங்குக்கு வருகின்றன. உழைப்பின் பொருளிலிருந்து பிள்ளையை விலக்கி வைத்துவிட்டு அதன் சோர்வை மட்டும் அவனுக்குக் கொடுக்கிறோம். நம் காலத்துப் பெற்றோர் முந்தைய தலைமுறையைவிடக் குறைவாக நேசிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நேசத்தின் காரணமாகச் செய்யும் வேலையே நேசிக்கப்படுகிறவனின் கண்ணில் நேசத்துக்குப் போட்டியாகத் தெரிகிறது என்பதுதான் நமக்கு வாய்த்த துயரம்.

திருக்குடும்ப ஞாயிறுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வாசகம் லூக்கா எழுதிய ஒரு பயணக்கதை. நாம் அறிந்ததுதான். பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போன குடும்பம் ஊர் திரும்புகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் எருசலேமிலேயே நின்றுவிடுகிறான். பெற்றோருக்கு அது தெரியவில்லை. உறவுக்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று பெரிய கூட்டம். அதில் எங்காவது வந்துகொண்டிருப்பான் என்ற நம்பிக்கையில் ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். பிறகுதான் தேடுகிறார்கள், காணாமல் எருசலேமுக்கே திரும்புகிறார்கள், மூன்று நாளைக்குப் பின் கோவிலில், போதகர்கள் நடுவில், கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறவனைக் காண்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் நிற்கும் இடம் கோவில் அன்று. அந்த ஒரு நாள் நடை. கவனியுங்கள், இவர்களும் திருவிழா முடித்துத் திரும்புகிறவர்கள். இவர்களைப் போல அக்கறையுள்ள பெற்றோர் வேறு யார்? பிள்ளைக்காக நள்ளிரவில் நாடுவிட்டு நாடு ஓடியவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே ஒரு பகல் முழுவதும் பிள்ளை இல்லாதது தெரியாமல் போயிற்று. அலட்சியத்தால் நிகழ்ந்ததாக லூக்கா சொல்லவில்லை. நம்பிக்கையால் நிகழ்ந்ததாகச் சொல்கிறார். ஆபத்துக் காலத்தில் பிள்ளையைத் தொலைப்பவர்கள் குறைவு, ஏனென்றால் அப்போது கையை இறுகப் பிடித்திருக்கிறோம். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போது, கூட்டம் நம்முடையதாக இருக்கும்போது, பாதை பழகியதாக இருக்கும்போதுதான், இருக்கிறான் என்ற எண்ணம் இருப்பவனின் இடத்தை மெல்ல எடுத்துக்கொள்கிறது.

நம் வீடுகளில் அந்த ஒரு நாள் தூரம் சத்தமில்லாமல் கடக்கப்படுகிறது. பக்கத்து அறையில்தான் இருக்கிறான். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. செல்போனின் சத்தம் கேட்கிறது. சாப்பிட்ட தட்டு கழுவுதொட்டியில் கிடக்கிறது. இத்தனை அடையாளங்கள் போதுமென்று நாம் நடந்துகொண்டே இருக்கிறோம். அவனுடைய நெருங்கிய சிநேகிதன் எப்போது மாறினான், எந்தப் பாடத்தைக் கண்டு பயப்படத் தொடங்கினான், எந்த நாளிலிருந்து நம்மிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டான் என்பவற்றை விடுமுறையில் வீட்டுக்கு வந்த ஆச்சி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அவனும் கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும்தான் இருக்கிறான். எந்தப் போதகர்கள் நடுவில் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. கைக்குள் அடங்கும் ஒரு திரைக்குள் இன்று எத்தனையோ கோவில்கள், எத்தனையோ போதகர்கள்.

இதற்கு நம் காலம் ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது: நேரம் குறைவாக இருந்தாலும் அது தரமான நேரமாக இருந்தால் போதும் என்பது. விடுமுறையில் ஒரு மாலை, வணிக வளாகம், திரைப்படம், பிள்ளை கேட்ட உணவு, படம் எடுத்துக்கொள்ளுதல். இவற்றில் தவறென்ன இருக்கிறது, பிள்ளைகளுக்கும் அது பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பிள்ளையின் மனம் முன்பதிவுக்குத் திறக்கும் கதவன்று. வெள்ளிக்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பது வரை மனம்விட்டுப் பேசலாம் என்று நாம் தயாராகி உட்கார்ந்தால், அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. மூன்று நாள் கழித்து, நாம் முந்திரிக்கொத்து இருந்த வாளியைக் கழுவிக் கவிழ்க்கும்போது, எதையோ தேடி வந்தவனைப் போல அடுக்களை வாசலில் நின்று, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வான். அப்போது நாம் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒரு கணம் நம்மைச் சந்திப்பதற்கு, ஒன்றுமே நடக்காத நூறு கணங்கள் அங்கே சும்மா கிடந்திருக்க வேண்டும். சும்மா கிடக்கும் அந்த நூறைத்தான் வீண் என்று நாம் முதலில் வெட்டிவிடுகிறோம்.

2004இல் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்ப விழா அன்றுதான் விழுந்தது. அந்த ஆண்டுக்குரிய வாசகம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் எகிப்துக்குத் தப்பி ஓடும் பகுதி. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் கிளம்பிய அலை காலை ஒன்பது மணி வாக்கில் நம் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000 பேருக்கும் மேல். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்காக வந்து தங்கியிருந்த வெளியூர்க் குடும்பங்களும் அதில் உண்டு. குமரிக் கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் பண்டிகைக்கு மறுநாள் அன்றிலிருந்து கல்லறைக்குப் போகும் நாளாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் எத்தனையோ பேர் கைகளை அலை பிரித்தது. அவர்களுடைய துயரத்தை நம் அவசர வாழ்க்கைக்குப் பாடமாக எடுத்துக்கொள்வது முறையன்று. யாருடைய பிள்ளையும் நமக்குப் பாடம் சொல்வதற்காக இறக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்தப் பெற்றோரில் பலர் ஆண்டுகள் கழித்தும் பேசும்போது, அவர்கள் நினைவில் எழுவது முந்தைய நாளின் பூசையோ புதுத்துணியோ மட்டும் அன்று. அன்று காலையில் பிள்ளை தேநீர் கேட்டது, செருப்பைக் காணோமென்று சண்டை போட்டது, விளையாடப் போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னது. இழப்பின் முன்னால் நினைவு சிறப்பு நாட்களைத் தேர்ந்தெடுப்பதில்லை.

நற்செய்திகளும் இதையே வேறு வகையில் செய்திருக்கின்றன என்பது யோசித்துப் பார்த்தால் புலப்படும். பிறப்பைப் பற்றி மத்தேயுவும் லூக்காவும் விரிவாக எழுதினார்கள்: வானதூதர்கள், இடையர்கள், விண்மீன், ஞானிகள். பிறகு பன்னிரண்டாம் வயதில் அந்த ஒரு பயணம். அதன்பின் ஏறக்குறைய முப்பது வயதில் அவர் பணியைத் தொடங்கும் வரை, பதினெட்டு ஆண்டுகளுக்குச் சொல்லப்படுவதெல்லாம், பெற்றோருடன் நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்பட்டிருந்தார், வளர்ந்தார் என்பது மட்டுமே. யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட எந்த நற்செய்தியிலும் இல்லை. உலகை மீட்க வந்தவராகக் கிறிஸ்தவம் நம்பும் ஒருவருடைய வாழ்வின் மிகப் பெரிய பகுதி, பதிவு செய்யத்தக்க எதுவும் நிகழாத வீட்டு வாழ்க்கையாகவே கழிந்திருக்கிறது; கடவுள் மனிதரானார் என்ற அந்த மாபெரும் கூற்றை நாம் பெத்லகேமின் ஓர் இரவோடு முடித்துக்கொள்கிறோம் என்றாலும், மனிதராவது என்பது ஓர் இரவில் முடிகிற காரியமன்று என்பதையும், அது மரத்தூள் படிந்த ஒரு முற்றத்தில், ஒரே அடுப்பின் உணவை நாள்தோறும் உண்டு, ஒரே கிணற்றின் நீரை நாள்தோறும் சுமந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காரணமின்றிப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கற்ற நாட்களில் மெல்ல மெல்ல நிறைவேறியது என்பதையும், அன்பு தன்னை அறிவித்துக்கொள்ளும் நாட்கள் சிலவாகவும் அது உண்மையில் உருக்கொள்ளும் நாட்கள் பலவாகவும், அந்தப் பல நாட்கள் யாராலும் எழுதப்படாதவையாகவும் இருக்கின்றன என்பதையும் அந்தப் பதினெட்டு ஆண்டுகளின் மௌனம் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் கிறிஸ்துமஸுக்குப் பிந்திய நாட்கள் என்பவை ஒரு வாரத்தோடு முடிகிறவை அல்ல. குழந்தை பிறந்த எந்த வீட்டிலும் அதற்குப் பிறகு வரும் எல்லா நாட்களும் அவையே. நாம் மிச்சம் என்று நினைத்ததுதான் முழுமை. முழுமை என்று ஓடியாடிக் கொண்டாடியது அதன் வாசற்படி.

கோவிலில் தாய் மகனிடம் நோவோடு கேட்கிறாள். மகன் சொல்லும் பதில் ஆறுதலாக இல்லை. நான் என் தந்தையின் இல்லத்தில் இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்னும் பொருளில் ஏதோ சொல்கிறான். அவர்களுக்கு அது விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். தேடிக் கண்டடைந்த பிறகும் பிள்ளை முழுதாக நமக்குப் புரிகிறவனாக இருக்கமாட்டான். அவன் நமக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்றுக்கு உரியவன். ஒருநாள் அதற்கே போவான். பிள்ளையோடு இருக்கும் நேரத்தை, பட்ட கடனை அடைப்பதைப்போலவும் முதலீட்டைப்போலவும் நினைக்கிற பெற்றோர் இந்த இடத்தில்தான் அடிபட்டுப்போகிறோம். இவ்வளவு செய்தேனே என்று கணக்குக் காட்டத் தோன்றுகிறது. மரியா கணக்குக் காட்டவில்லை. புரியாததை உள்ளத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையோடு நாசரேத்துக்கு நடந்தாள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம், பல நாள் நடை. புரிந்துகொண்டால்தான் கூட இருப்பேன் என்று நிபந்தனை வைக்காத ஓர் அருகிருப்பு அது. வளரும் பிள்ளைக்கு, குறிப்பாக வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு, பெற்றோர் தரக்கூடியவற்றில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு தயக்கம் உடன்வருகிறது. கூட இருங்கள் என்று சொல்வது எளிது. திருக்குடும்ப ஞாயிறு அன்று பிரசங்க மேடையிலிருந்து அதைத்தான் சொல்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் வரிசைகளில், பூசை முடிந்ததும் மருத்துவமனை ஷிப்டுக்கு ஓட வேண்டிய செவிலியர் இருக்கிறார். பன்னிரண்டு மணிநேரம் நின்றே வேலை செய்யும் கடைப் பெண் இருக்கிறாள். பூசைக்கே வர முடியாமல், யாருடைய அடுக்குமாடி வாசலிலோ காவலுக்கு அமர்ந்திருக்கும் தகப்பன் இருக்கிறான். அவர்கள் பிள்ளையின் அருகில் இல்லாதது மனக்குறையால் அன்று. லியோ இதை அறிந்திருந்தார். குடும்பத்துக்கு விழா கொடுப்பதற்கு முன்னால் கூலியையும் ஓய்வையும் பற்றி எழுதினார், அந்த வரிசை முக்கியமானது. ஒரு தாயிடம் பிள்ளைக்கு நேரம் கொடு என்று சொல்வதற்கு முன்பு அவளுடைய நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. முதலாளியை மட்டும் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. 26ஆம் தேதி காலையில் கடை திறந்திருக்கிறதா என்று தேடுகிறவர்கள், இரவு பத்து மணிக்குப் பத்து நிமிடத்தில் சாமான் வீட்டுக்கு வர வேண்டும் என்று செல்போனில் அழுத்துகிறவர்கள், அனுப்பிய மின்னஞ்சலுக்கு விடுமுறையிலும் உடனே பதில் எதிர்பார்க்கிறவர்கள் நாமும்தான். நம்முடைய பிள்ளைக்காக நாம் மீட்டுக்கொள்ளும் ஒரு மணிநேரம், அதே ஊரில் வேறொரு பிள்ளையிடமிருந்து பிடுங்கியதாக இல்லாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தப் பங்கிலும் இன்னும் போதுமான அளவு பேசத் தொடங்கவில்லை.